போர்ட்ஃபோலியோ, ரிஸ்க் மேனேஜ்மெண்ட் பாடங்களைப் பல்கலைக்கழகத்தில் படிப்பது பிரயோஜனமா?

தேவகோட்டையில் பி.காம் முடித்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். காரைக்குடியில் எம்.காம் சேரப் போகிறார். பாடத்திட்டத்தில் போர்ட்ஃபோலியோ மேனேஜ்மெண்ட் (பணத்தைப் பல முதலீடுகளில் பிரித்து வைப்பது), ரிஸ்க் மேனேஜ்மெண்ட் (அதிலுள்ள ஆபத்தைக் கையாள்வது) என்று இரண்டு பேப்பர் இருக்கின்றன. "இதைப் படித்து யார் பணம் சேர்த்தார்கள்? ஒரு டீமேட் கணக்கைத் திறந்து வாங்கி விற்றால் தானாக வந்துவிடும்" என்று அவருடைய அப்பச்சி சொல்கிறாராம். தம்பிக்குக் கணிதம் சுமார். படிப்பதில் பலன் உண்டா, எப்படிப் படிப்பது, கூடவே வேறு என்ன பரீட்சை எழுதலாம் என்பது கேள்வி.

வங்கியின் ரிஸ்க் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து, இப்போது முதுகலை மாணவர்களுக்கு இதே பாடங்களை எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கட்டாயம் படியுங்கள், தம்பி. எந்தப் பங்கு ஏறும் என்பதை இந்தப் பாடம் சொல்லித் தராது. எவையெல்லாம் ஒன்றாக விழும் என்பதை முன்கூட்டியே யோசிக்கப் பழக்கும். அந்தப் பழக்கம் தானாக வருவதில்லை.

முதலில் அப்பச்சி சொல்வதை எடுத்துக்கொள்வோம். சந்தை கற்றுக்கொடுக்கும் என்பது பாதி உண்மை. சந்தை ஏறிக்கொண்டிருக்கும் மூன்று வருடத்தில் நுழைகிறவருக்கு அது கற்றுக்கொடுப்பது தப்பான பாடம். வாங்கியதெல்லாம் ஏறுகிறது, அதனால் நமக்குக் கைராசி என்று நினைக்க வைக்கும். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸில், அதாவது விலை எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே போடும் ஒப்பந்தங்களில், இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அவர்களில் பலர் செய்துபார்த்துக் கற்கப் போனவர்கள்தான். அப்பச்சியிடம் இந்த எண்ணை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். கூடவே, சிறு தொகையில் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளையே வாங்கும் ஃபண்ட்) மாதாமாதம் போட்டு, அது ஏறி இறங்கும்போது உங்கள் மனம் என்ன செய்கிறது என்று கவனிப்பதும் நல்லதுதான். அந்த அளவுக்கு அவர் சொல்வது சரி.

இனி பாடத்துக்கு வருவோம். 1952இல் ஹாரி மார்க்கோவிட்ஸ் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து இந்தத் துறை தொடங்குகிறது. அதற்காக அவருக்கு 1990இல், வில்லியம் ஷார்ப், மெர்ட்டன் மில்லர் ஆகியோருடன் சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது. தேர்வுக்கு அவர் பெயரோடு ஒரு வளைகோட்டை வரைந்து மனப்பாடம் செய்வார்கள். அதைவிட ஒரு நோட்டில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பங்குகள். ஒவ்வொன்றின் வருடாந்திரத் திட்ட விலக்கமும், அதாவது வருமானம் சராசரியிலிருந்து விலகி ஏறி இறங்கும் அளவு, 20 சதவீதம். பணத்தைப் பாதிப் பாதியாகப் போடுகிறீர்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகவே நகர்ந்தால், அதாவது ஒட்டுறவுக் கெழு 1 என்றால், சேர்த்து வைத்ததன் திட்ட விலக்கமும் 20தான். கெழு 0.5 என்றால் 17.3. பூஜ்யம் என்றால் 14.1. பங்குகளின் குணம் மாறவே இல்லை, அவற்றுக்கிடையே உள்ள உறவு மட்டும்தான் மாறியது. அதற்கே ஆபத்து இவ்வளவு குறைகிறது.

அப்புறம் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். திட்ட விலக்கம் 30 சதவீதம் உள்ள பங்குகள், எந்த இரண்டை எடுத்தாலும் ஒட்டுறவு 0.3 என்று வைத்துக்கொள்வோம். ஒரே பங்கில் 30. பத்துப் பங்கில் 18.2. முப்பதில் 17.1. நூறில் 16.6. அதற்கு மேல் ஆயிரம் பங்கு வாங்கினாலும் 16.4க்குக் கீழே போகாது. அந்த 16.4தான் எல்லாப் பங்குக்கும் பொதுவான ஆபத்து. எண்ணிக்கையால் அதைக் கரைக்க முடியாது. பத்து மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருக்கிறேன், பரவலாகப் போட்டிருக்கிறேன் என்று சொல்கிறவரிடம் அந்தப் பத்தும் எந்தெந்தக் கம்பெனிகளை வைத்திருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் அதே வங்கிகளும் அதே சாஃப்ட்வேர் கம்பெனிகளும் வரும்.

இந்த இடத்தில்தான் செட்டிநாட்டுப் பிள்ளைக்கு வேறு ஊர்க்காரருக்குக் கிடைக்காத ஒரு பாடநூல் வீட்டிலேயே இருக்கிறது. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மாவில் வட்டிக்கடை நடத்திய கணக்கைச் சொல்கிறேன். பெரிய வீடுகளில் அதைப் பெருமைக் கதையாகவோ இழப்புக் கதையாகவோ சொல்வார்கள். நீங்கள் அதை ஒரு போர்ட்ஃபோலியோவாகப் படியுங்கள்.

1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்குப்படி, அங்கே நகரத்தார் வட்டிக்கடைகள் சுமார் 1,650 இருந்தன. புழங்கிய முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபாய், அந்தக் காலத்து ரூபாய். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அவர்களுடைய சொந்த முதல். பிறரிடம் வாங்கியது குறைவு. இன்றைய வங்கியோடு ஒப்பிட்டால் இது அசாத்தியமான பலம். இன்றைய வங்கியின் பணத்தில் மிகப் பெரும்பகுதி டெபாசிட்தாரர்களுடையது. நிர்வாகமும் கட்டுப்பாடானது. மேலாள், அடுத்தாள், பெட்டியடி என்று படிப்படியாகப் பழகி வந்த ஆட்கள், மூன்று வருடக் கணக்கு, ஊருக்கு வரும் ஐந்தொகை (சொத்து, கடன் கணக்கு). ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் கூடி வட்டி வீதத்தைப் பேசி முடிவு செய்தார்கள். கடன் வாங்குகிறவரைத் தெரியாமல் கொடுத்ததில்லை. நிலத்தை ஈடாக வாங்காமல் கொடுத்ததும் குறைவு. அதாவது உங்கள் ரிஸ்க் மேனேஜ்மெண்ட் பேப்பரில் கடன் ஆபத்து என்ற அத்தியாயத்தில் என்னென்ன செய்யச் சொல்கிறார்களோ அதில் பெரும்பாலானவற்றை அவர்கள் செய்தார்கள்.

ஆனாலும் எப்படி விழுந்தது? 1930-31இல் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாக இறங்கியது. கீழ்பர்மாவில் கடன் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கானோர், வெவ்வேறு கிராமம், வெவ்வேறு குடும்பம். ஏட்டில் பார்த்தால் நல்ல பரவல். ஆனால் எல்லோருடைய வருமானமும் நெல். ஈடாக வைத்த நிலத்தின் மதிப்பும் நெல்லால் வந்தது. அந்த நிலத்தை ஏலத்தில் வாங்கக்கூடிய ஆளுக்கும் நெல்தான் வருமானம். ஆக, கடன் வராமல் போகும் அதே நாளில் ஈடும் மதிப்பிழக்கிறது, ஈட்டை வாங்க ஆளும் இல்லாமல் போகிறது. ஈடு எதற்காக இருக்கிறதோ அந்தச் சமயத்தில் மட்டும் அது உதவாது. இன்றைய ரிஸ்க் பாடத்தில் 'ராங் வே ரிஸ்க்' என்ற தலைப்பு வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். இதைவிடத் தெளிவான உதாரணத்தை எந்தப் பாடநூலிலும் நான் பார்த்ததில்லை.

அடுத்த கட்டமும் படிக்க வேண்டியது. பணம் வராததால் நிலம் வந்தது. பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் விளைநிலத்தில் சுமார் 6 சதவீதம் செட்டியார் கைவசம் இருந்தது. 1938இல் அது சுமார் 25 சதவீதம். யாரும் விரும்பிச் சேர்த்த சொத்து அல்ல அது. தவணைக்குத் திரும்பி வர வேண்டிய பணம் நிலமாக உறைந்துபோனது. கடையில் தவணைக்கு டெபாசிட் போட்டவர் இங்கே காரைக்குடியில் பணத்தைக் கேட்கிறார், சொத்து அங்கே வயலாகக் கிடக்கிறது. பாடத்தில் இதற்குப் பெயர் லிக்விடிட்டி ரிஸ்க். அதன் பின்னால் அரசியல் ஆபத்து வந்தது. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1942இல் ஜப்பான் படை வந்தது. 1948இல் நிலத் தேசியமயச் சட்டம். வெளியூர்க்காரர் கையில் ஒரு நாட்டின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் இருந்தால் அந்த நாட்டு விவசாயிக்குக் கோபம் வரும், அது சட்டமாகவும் மாறும். நிலம் இழந்த பர்மிய விவசாயியின் வேதனையையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். கடன் ஆபத்து, சந்தை ஆபத்து, லிக்விடிட்டி, அரசியல் என்று பாடநூல் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்துக் கொடுக்கும். நிஜத்தில் ஒன்று மற்றொன்றைப் பெற்றுப் போடுகிறது.

மலாயா, இலங்கை, சைகோன் எல்லாம் இருந்ததே, பரவலாகத்தானே போட்டிருந்தார்கள் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. சாதாரண வருடங்களில் மலாயா ரப்பருக்கும் பர்மா நெல்லுக்கும் நெருங்கிய உறவு இல்லை. மந்தம் வந்தபோது இரண்டும் சேர்ந்து விழுந்தன. நெருக்கடியில் ஒட்டுறவு கூடும் என்று வகுப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரிக்காக ஒரு வாரம் செலவழிக்கலாம். 2020 மார்ச்சில் பங்குகள் விழுந்த சில நாட்களில் தங்கமும் கூடவே இறங்கியது. பணம் தேவைப்பட்டவர்கள் விற்க முடிந்ததையெல்லாம் விற்றார்கள்.

தப்பியவர்களும் உண்டு. முருகப்பா குடும்பம் 1930களிலேயே பர்மா முதலை இந்தியாவுக்குத் திருப்பித் தொழில்களில் போட்டது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறந்தார். நெல் நில அடமானத்திலிருந்து அந்நியச் செலாவணிக்கும் டெபாசிட் வங்கிக்கும் தொழிலை நகர்த்திய முயற்சி அது. ரீபேலன்சிங் (முதலீடுகளின் விகிதத்தை மாற்றி அமைப்பது) என்று நீங்கள் எழுதப் போகும் விடையில் இந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். காலம் தாழ்த்தாமல் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறுவது எவ்வளவு கடினம் என்பதும் புரியும், ஏனென்றால் 1920களில் பர்மாவை விட்டு வருகிறேன் என்று ஒருவர் சொல்லியிருந்தால் வீட்டில் யாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். அப்போது அங்கே லாபம் கொட்டியது.

இப்போது கணிதத்துக்கு வருகிறேன். பயப்பட வேண்டாம். எம்.காம் அளவுக்குத் தேவைப்படுவது பள்ளியில் படித்த திட்ட விலக்கம், ஒட்டுறவு, ஒரு நேர்கோட்டுச் சமன்பாடு, கொஞ்சம் மேட்ரிக்ஸ் பெருக்கல். ஆனால் கையால் போட வேண்டும். சராசரி வருமானத்தில் தொடங்குங்கள். நூறு ரூபாய் முதல் வருடம் 50 சதவீதம் ஏறி 150 ஆகிறது, அடுத்த வருடம் 50 சதவீதம் இறங்கி 75 ஆகிறது. கூட்டுச் சராசரி பூஜ்யம். கையில் இருப்பதோ 75. பெருக்குச் சராசரி ஏன் வேண்டும் என்பது இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே மாதிரி, 50 பங்குகள் கொண்ட போர்ட்ஃபோலியோவுக்கு எத்தனை கோவேரியன்ஸ், அதாவது இரண்டிரண்டு பங்குகள் சேர்ந்து அசையும் அளவு, கணிக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். 1,225 வரும். ஷார்ப் 1963இல் எல்லாப் பங்கையும் ஒரே சந்தைக் குறியீட்டோடு மட்டும் இணைத்துப் பார்க்கலாம் என்று சொன்னதால், கணிக்க வேண்டியவை மொத்தமே 152 ஆகச் சுருங்கின. சந்தை அசையும்போது ஒரு பங்கு எவ்வளவு அசைகிறது என்று சொல்லும் பீட்டா எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்பது அப்போது விளங்கும். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவருக்குக் கடைசி வரை விளங்காது.

வேல்யூ அட் ரிஸ்க் என்ற பகுதியில் கொஞ்சம் நிதானியுங்கள். இன்டர்வியூவில் இதைத்தான் கேட்பார்கள், பெரும்பாலான மாணவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். உங்களிடம் நிஃப்டி என்ற பங்குச்சந்தைக் குறியீட்டைப் போலவே நகரும் 10 லட்ச ரூபாய் போர்ட்ஃபோலியோ இருக்கிறது, ஒரு நாளின் திட்ட விலக்கம் 1.2 சதவீதம் என்று வைப்போம். நார்மல் பரவல் என்று எடுத்துக்கொண்டால், 99 சதவீத நம்பிக்கையில் ஒரு நாள் வேல்யூ அட் ரிஸ்க் சுமார் 28,000 ரூபாய். இதற்கு அர்த்தம், அதிகபட்ச நஷ்டம் 28,000 என்பது இல்லை. நூறு நாளில் ஏறக்குறைய ஒரு நாள் நஷ்டம் இதைத் தாண்டும், எவ்வளவு தாண்டும் என்பதைப் பற்றி இந்த எண் வாயே திறக்காது. 2020 மார்ச் 23 அன்று சந்தை ஒரே நாளில் சுமார் 13 சதவீதம் விழுந்தது. அன்று உங்கள் நஷ்டம் 1,30,000. அதனால்தான் எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபால் (எல்லையைத் தாண்டும் நாட்களின் சராசரி நஷ்டம்) என்ற அடுத்த அளவையும், ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டும் (மோசமான நிலை வந்தால் என்ன ஆகும் என்ற சோதனை) தேவைப்பட்டன. வங்கிகளில் 250 வேலை நாட்களில் எத்தனை நாள் நஷ்டம் இந்த எண்ணைத் தாண்டியது என்று எண்ணுவார்கள். வங்கிகளுக்கான சர்வதேச நெறியான பாசல் விதிப்படி நான்கு வரை பச்சை (கணிப்பு சரி), ஐந்து முதல் ஒன்பது வரை மஞ்சள் (சந்தேகம்), பத்தைத் தொட்டால் சிவப்பு (கணிப்பு தவறு). இதை எக்செலில் ஒரு மாலைப் பொழுதில் நீங்களே செய்துவிடலாம். என்.எஸ்.இ. (தேசியப் பங்குச்சந்தை) தளத்தில் குறியீடுகளின் பழைய விலைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

கடன் திரும்பி வருமா என்று நிறுவனங்களுக்குப் போடும் மதிப்பீடான ரேட்டிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்கட்டமைப்புக்குக் கடன் கொடுத்த ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். நிறுவனம் 2018 ஆகஸ்ட் வரை மிக உயர்ந்த டிரிபிள் ஏ மதிப்பீட்டில் இருந்தது. செப்டம்பரில் கடனைக் கட்டத் தவறி டி நிலைக்கு இறக்கப்பட்டது. அந்தப் பத்திரங்களை வைத்திருந்த கடன் ஃபண்டுகளில் பணம் போட்டவர்கள் பலர், பங்குச்சந்தை பயம் என்று ஒதுங்கி வந்தவர்கள். வகுப்பில் ரேட்டிங் அட்டவணையைப் படிக்கும்போது, அது ஒருவரின் கருத்து என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இனி நான் மிக அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம், கடைசி செமஸ்டர் புராஜெக்ட். நம் பக்கத்துக் கல்லூரிகளில் "காரைக்குடி நகர முதலீட்டாளர்களின் விழிப்புணர்வு: ஓர் ஆய்வு" என்று நூற்றுக்கணக்கில் செய்கிறார்கள். நூறு பேரிடம் கேள்வித்தாள், சதவீத அட்டவணை, கை ஸ்கொயர் என்ற ஒரு புள்ளியியல் சோதனை, "விழிப்புணர்வை அதிகரிக்க வேண்டும்" என்ற பரிந்துரை. கேள்வித்தாளை நண்பர்களே நிரப்புகிறார்கள். இதிலிருந்து ரிஸ்க்கைப் பற்றி ஒன்றும் கற்க முடியாது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள். செட்டிநாட்டில் வழக்கமான ஒரு குடும்பத்தின் சொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யார் என்று தெரியாதபடி கற்பனையாகவே வைத்துக்கொள்ளலாம். பூர்வீக வீட்டில் ஒரு பங்கு, நகை, வங்கி டெபாசிட், கொஞ்சம் பங்குகள், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் அனுப்பும் பணம். நிஃப்டி, தங்கம், சிங்கப்பூர் டாலர் மதிப்பு, டெபாசிட் வட்டி ஆகியவற்றின் மாத விவரங்களைப் பதினைந்து, இருபது வருடத்துக்குத் திரட்டுங்கள். 2008, 2020 இரண்டையும் அதில் கட்டாயம் சேருங்கள். ஒட்டுறவை முழுக் காலத்துக்கு ஒருமுறையும், சந்தை மோசமாக விழுந்த மாதங்களுக்கு மட்டும் தனியாக ஒருமுறையும் கணியுங்கள். இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மகனுடைய சம்பளத்தையும் ஒரு சொத்தாக எழுதுங்கள். அவர் வேலை பார்ப்பது ஒரு வங்கியில், குடும்பத்தின் பங்குகளும் வங்கிப் பங்குகள் என்றால் அந்தக் குடும்பம் ஒரே தூணில் நிற்கிறது என்பது அட்டவணையிலேயே தெரியும்.

வீட்டை எழுதும் வரியில் யோசிக்க நிறைய இருக்கிறது. ஏட்டில் கோடிகள் மதிப்பு. பங்காளிகள் பத்துப் பேர், இருபது பேர் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். அவசரத்துக்கு வீட்டின் ஒரு பகுதியை மட்டும் விற்க வழியில்லை. இடித்துத் தேக்குத் தூணாகவும் கதவாகவும் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தால் கிடைப்பது முழு வீட்டின் விலையில் சிறு பகுதி. இதற்கு எவ்வளவு தள்ளுபடி வைப்பது, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு மதிப்பீடு எழுதி, அதற்கான காரணத்தையும் எழுதினால், அந்த ஒரு பக்கத்துக்காகவே தேர்வாளர் உங்களை மறக்க மாட்டார். இப்படி ஒரு புராஜெக்டோடு வந்தவர்களை இன்டர்வியூ போர்டில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். கேள்விகள் உடனே பாடநூலை விட்டு அவர்களுடைய வேலையைப் பற்றியதாக மாறிவிடும்.

பாடத்திட்டத்தில் பெரும்பாலும் இல்லாத ஒரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன், மோசடி. தேக்குமர வளர்ப்பு, ஈமு கோழி, மாதம் இத்தனை சதவீதம் உத்தரவாதம் என்று நம் பக்கத்தில் போன பணம் கொஞ்சமல்ல. கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு 1999லேயே செபி விதிமுறை வந்துவிட்டது. ஒருவர் முதலீட்டு ஆலோசனை சொன்னால் அவருடைய செபி பதிவு எண்ணைக் கேட்டுத் தளத்தில் சரிபார்க்க வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

பரீட்சைகள். படிக்கும்போதே என்.ஐ.எஸ்.எம். தேர்வுகளை எழுதலாம், அது செபி நிறுவிய கல்வி நிறுவனம். முதலில் சீரீஸ் ஐந்து ஏ, மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் தேர்வு. எளிது, வேலைக்கும் உதவும். சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். பின்பு சீரீஸ் பதினைந்து, ரிசர்ச் அனலிஸ்ட். அதன் பிறகு சர்வதேசத் தேர்வுகள்: முதலீட்டு ஆய்வுக்கான சி.எஃப்.ஏ. மூன்று கட்டம், ரிஸ்க் துறைக்கான எஃப்.ஆர்.எம். இரண்டு கட்டம். இரண்டுக்கும் கட்டணம் டாலரில், ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய தொகை. எம்.காம் முதல் வருடத்தில் அவசரப்பட வேண்டாம். வேலைக்குப் போய், பங்குகளை ஆராய்வது பிடிக்கிறதா, வங்கியின் ரிஸ்க் பிரிவு பிடிக்கிறதா என்று தெரிந்த பிறகு, முதலாவதுக்கு சி.எஃப்.ஏ., இரண்டாவதுக்கு எஃப்.ஆர்.எம். என்று எடுக்கலாம். பல நிறுவனங்கள் தேர்ச்சி பெற்றால் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன. சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை மத்திய அரசின் ஸ்வயம் இணையக் கல்வித் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் எடுக்கும் நிதிப் பாடங்களைப் பார்க்கக் காசு வேண்டாம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம்.